இரண்டு முறை வந்த நெஞ்சு

மருத்துவ முகாம் வேன் ஊருக்குள் நுழைந்தபோது வாங்க என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பின்சக்கரம் இரண்டிலும் காற்று இல்லை. யார் செய்த வேலை என்று கேட்டதற்குக் கடைக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"போன வருஷம் நீங்க எங்க காத்தைப் பிடுங்கினீங்க. இந்த வருஷம் நாங்க உங்க காத்தைப் பிடுங்கிட்டோம். கணக்கு சரியாப் போச்சு."

போன வருடம் வந்தது வேறு குழு. ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் வைத்துக் கேட்டு, மூன்று பிள்ளைகளுக்கு நெஞ்சில் இரைச்சல் என்று எழுதி, அந்த மூன்று பேர்களையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கொடுத்துவிட்டுப் போனது. மூன்று குடும்பமும் அலறியடித்துக்கொண்டு நகரத்துக்கு ஓடின. பெரிய மெஷினில் பார்த்துவிட்டு மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரைச்சல் கேட்கிற பிள்ளைகள் எல்லாரும் நோயாளிகள் இல்லை. ஆனால் பலகையில் இருந்த தாளைக் கிழித்த மாதிரி ஊர் வாயில் இருந்த பேச்சைக் கிழிக்க முடியவில்லை.

இந்த முறை நெஞ்சுக்குள் படம் காட்டும் எக்கோ மெஷினே வந்திருந்தது. சூட்கேஸ் அளவுதான். அதை இயக்க வந்தவனைப் பிள்ளைகள் எக்கோக்காரர் என்றார்கள். முப்பது வயது. பட்டப்படிப்பு படித்தவன். பேசச் சொன்னால் மட்டும் பேசுவான்.

ஐந்தாம் வகுப்பு அறையின் மூலையில் ஒரு துணித் திரை. திரைக்குப் பின்னால் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேலே ஒரு பாய். பிள்ளை வந்து படுக்கும். அவன் "இடது பக்கமா ஒருக்களி, கையைத் தலைக்கு மேல மடி" என்பான். ஜெல்லைத் தடவுவான். பிள்ளை "ஐயோ ஜில்லுங்குது" என்று சிரிக்கும், அல்லது நெளியும். அவன் சிரிக்க மாட்டான். அவன் கண் மெஷினின் திரையில் இருக்கும். கதவு மாதிரித் திறந்து மூடும் வால்வு. உள்ளே போன ரத்தம் பின்னால் கசிகிறதா என்று நிறத்தில் பார்ப்பான். நாலு நிமிடம். அடுத்த பிள்ளை. யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பதிவேட்டில் எழுதியவள் நர்ஸ். அவனுடைய மனைவியின் அக்கா. கல்யாணமான புதிதில் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். தங்கை செத்த இந்த ஒன்றரை வருடமாக "டெக்னீஷியன்" என்கிறாள். அதுவும் வேலை இருந்தால்தான்.

தங்கை ஏழாம் மாதத்தில் செத்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வால்வு சுருங்கிப்போயிருந்தது. வயிற்றுப் பிள்ளையின் பாரத்தை அது தாங்கவில்லை. ஊரார் நெஞ்சைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன், தன் வீட்டில் மூச்சு வாங்கியவளிடம் "முழுகாம இருந்தா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். வார விடுமுறையில் அந்த மெஷின் அவன் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். அவள் அதன்மேல் துவைத்த துணிகளை மடித்து வைப்பாள்.

அதை நினைத்தால் இப்போது அவனுக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. பல் பிடுங்க மரத்துப்போக வைத்த ஈறு மாதிரி இருந்தது. கடித்தாலும் தெரியாது.

"நாப்பத்தி ஒண்ணு" என்று சீட்டை நீட்டினாள் நர்ஸ்.

நாற்பத்தொன்று வாய் மூடாத பிள்ளை. படுப்பதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, இதுல என் மனசுல இருக்கறது தெரியுமா?"

"தெரியாது."

"அப்பாடா. ஹெச்.எம்.மைப் பத்தி நினைச்சுட்டேன்."

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் திரையைப் பார்த்தான். நல்ல நெஞ்சு. வால்வுகள் சுத்தம். கீழறையில் மட்டும் குறுக்கே ஒரு மெல்லிய நூல் ஓடியது, கொடி கட்டின மாதிரி, லேசாக வளைந்து. சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும். தொந்தரவு கிடையாது. அவன் அந்த நூலைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டு "நார்மல்" என்றான்.

"நார்மல்னா நல்லாப் படிக்குமா?" என்று கேட்டுவிட்டு ஓடினாள். வெளியே யாரோ "ஏய் வாலு, வலிச்சுதா?" என்று கத்தினார்கள்.

சாப்பாட்டு மணி அடித்து, மறுபடி பிள்ளைகள் வந்தார்கள். ஹெச்.எம். ஒரு முறை எட்டிப் பார்த்து, நாலு மணிக்குப் பட்டியல் என் மேசையில் இருக்கணும், கார்டுகளை நான்தான் கூப்பிட்டுக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றாக இருக்கிற பிள்ளைக்குப் பச்சைக் கார்டு. மேலே பார்க்க வேண்டிய பிள்ளைக்கு மஞ்சள்.

அறுபத்து மூன்று உள்ளே வந்தது. பாயில் ஏறியது. சொல்லாமலே இடது பக்கம் ஒருக்களித்து, கையைத் தலைக்கு மேலே மடித்துக்கொண்டது. காலையிலிருந்து ஒரு பிள்ளையும் சொல்லாமல் அப்படிப் படுத்ததில்லை. ஜெல் பட்டும் ஜில்லென்று சொல்லவில்லை.

அவன் மெஷினின் புரோபை நெஞ்சில் வைத்தான். வால்வுகள் சுத்தம். கீழறையில் ஒரு நூல். கொடி கட்டின மாதிரி. லேசாக வளைந்து.

அவன் காலையில் சேமித்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அதே நூல், அதே இடம், அதே வளைவு. அன்று முதல் முறையாகத் திரையை விட்டுக் கண்ணை எடுத்து ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். காலையில் எப்படி இருந்தாள் என்று தெரியாததால் ஒப்பிட ஒன்றுமில்லை. தலையை இழுத்து வாரி ஒற்றைப் பின்னல் போட்டிருந்தது. நெற்றி இன்னும் ஈரமாக இருந்தது.

"காலையில உன் நம்பர் நாப்பத்தி ஒண்ணு" என்றான்.

"அது என் தங்கச்சி." குரலைத் தாழ்த்தி, பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை."

"வெளிய ஒரே ஜாடை இருக்கலாம். உள்ள இருக்காது."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நீங்க என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நர்ஸ் பேனாவை வைத்தாள். "யாரு சீட்டுடி இது?"

"பெரியப்பா பொண்ணு சீட்டு. ஓட்டை." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். "அக்கான்னுதான் நான் கூப்பிடுவேன். மத்தவங்கதான் ஓட்டைம்பாங்க. போன வருஷம் பலகையில பேர் ஒட்டினாங்கல்ல, அன்னையிலேருந்து. விளையாட்டுல சேத்துக்க மாட்டாங்க. காத்து எறங்கிடுமாம். பெரியப்பாதான் சொன்னாரு, நீ போய்ப் படுத்துட்டு வா, உனக்குத்தான் நல்லா இருக்குதே, பச்சைக் கார்டு வந்தா எல்லார் வாயும் மூடிக்கும்னு."

"உங்க அக்கா எங்க?"

"சூளையில. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. பெரியப்பா அடிக்க மாட்டாரு. முறைப்பாரு. அதுக்கு அடியே தேவலாம்."

அவளை அனுப்பிவிட்டு நர்ஸ் அவன் பக்கம் திரும்பினாள். "காலையில வந்த புள்ளையே மத்தியானமும் வருது. ஒரு மனுஷன் மூஞ்சியப் பாத்து வேலை செஞ்சா இப்படியா நடக்கும்?"

"நீங்களும் பாக்கல."

"நான் எழுதிக்கிட்டிருந்தேன்." அவள் குரல் ஒரு படி ஏறியது. "நல்லா இருக்கற புள்ளைக்கு யாரும் ஆள் மாத்தி அனுப்ப மாட்டாங்க, டெக்னீஷியன். போன வருஷம் ஒண்ணுமில்லன்னு சொன்ன புள்ள. அப்புறம் என்னமோ ஆயிருக்கு. அது அவங்களுக்குத் தெரியும்."

மிச்சம் இருந்த இருபத்தொரு பிள்ளைகளையும் முடித்தார்கள். மணி மூன்று. அவன் மெஷினை மூடித் தோளில் மாட்டிக்கொண்டான். நர்ஸ் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். கார்டுக் கட்டு அவன் பையில் இருந்தது. எண்பத்து நாலு, அறுபத்து மூன்றாவது மட்டும் இன்னும் எழுதாமல். வேன் இன்னும் காற்றுக்குக் காத்துக்கொண்டு நின்றது. நடந்தார்கள்.

செங்கல் சூளை ஊருக்கு வெளியே. இன்னும் சுடாத பச்சைக்கல் அடுக்குகள் வெயிலில் வரிசையாகக் காய்ந்தன. அவற்றுக்குப் பின்னால் வேலைக்காரர்களின் அறைகள், ஒரே கூரையின் கீழ் எட்டுக் கதவு. கதவுக்கு ஒரு குடும்பம் என்று பெயர். ஒவ்வொன்றிலும் எட்டு, ஒன்பது பேர். ஒரு பிள்ளைக்குத் தொண்டை வலித்தால் வாரக் கடைசிக்குள் எட்டுக் கதவும் இருமும்.

சூளையின் தலையில் நின்று தீக்குழிகளில் கரி போட்டுக்கொண்டிருந்தவர்தான் பெரியப்பா. தீ மூட்டிய நாளிலிருந்து அணையும் வரை பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. சூளைக்காரர் என்றால் அந்த ஊரில் அவர்தான். மெஷினைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஏணியில் மெதுவாக இறங்கினார். கல் சுமந்தவர்கள் சும்மாடோடு நின்றார்கள்.

"என்ன சார், வழி தவறிட்டீங்களா?"

"உங்க பொண்ணைப் பாக்க வந்தோம், அண்ணே" என்றான் எக்கோக்காரன்.

"அதான் பாத்தாச்சே. அறுபத்து மூணு. பச்சைக் கார்டைக் குடுத்துட்டுக் கிளம்பு."

"நான் பாத்தது உங்க தம்பி பொண்ணை. ரெண்டு தடவை."

நின்றவர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். சூளைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"நான் புகையோட நிறத்தப் பாத்தே உள்ள கல்லு வெந்துச்சா வேகலையான்னு சொல்வேன். உனக்கு அத்தனை பெரிய பெட்டி வேணும். அந்தப் பெட்டி வந்தா என் பொண்ணுக்கு இன்னொரு பட்டப்பேரு வரும். ஒண்ணு போதும்."

"புள்ளைக்குப் புகை வராதுல்ல, அண்ணே."

"ஏய்." மரியாதை போய்விட்டது. "போன வருஷம் மூணு நாள் இந்தத் தீயை விட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்ல கெடந்தேன். வந்து பாத்தா பாதிக் கல்லு கருகி, பாதிக் கல்லு பச்சை. அங்க டாக்டர் கேக்கறாரு, யார் உங்களை வரச் சொன்னான்னு. ஒண்ணுமில்லாத புள்ளைய ஓட்டையாக்கிட்டுப் போனது உங்க ஆளுங்க. இப்ப இல்லேன்னு எழுதிக் குடுக்க உனக்கு என்ன வலிக்குது?"

அவர் சொன்னது எல்லாம் நிஜம்.

"அதுக்கப்புறம் காய்ச்சல் வந்துச்சா?" என்று நர்ஸ் கேட்டாள். "முட்டி வீங்கிச்சா?"

"இல்ல."

"வீங்கிச்சு" என்றது ஒரு குரல். மூன்றாவது கதவில் ஒரு பெண் நின்றிருந்தாள். சூளைக்காரரின் மனைவி. "மழைக்கு முன்னாடி. தொண்டை வலின்னா. பத்து பதினஞ்சு நாள் கழிச்சு ஒரு முட்டி வீங்கிச்சு, அது வத்தினா அடுத்த முட்டி. அப்புறம் மணிக்கட்டு. தண்ணிக் குடத்தத் தொட மாட்டேங்கறா, நடிக்கிறான்னு நானே ரெண்டு வெச்சேன்."

"நீ உள்ள போ."

"உள்ள எடம் எங்க இருக்கு? ஒன்பது பேர் படுக்கற ரூமு. வெளியதான் நிக்க முடியும்."

நர்ஸ் அவளிடமே பேசினாள். தொண்டைப் புண்ணில் ஆரம்பிக்கும், மூட்டைத் தொட்டுவிட்டுப் போகும், நெஞ்சைக் கடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும் என்றாள். இப்போதே பிடித்தால் ஊசியோடு நின்றுவிடும். விட்டால் ஒவ்வொரு தொண்டைப் புண்ணுக்கும் வால்வு இன்னும் கொஞ்சம் கெடும். அப்புறம் அறுக்க வேண்டிவரும், அல்லது அதற்கும் நேரம் இருக்காது.

சூளைக்காரர் அவளை விட்டுவிட்டு அவனைப் பிடித்தார். "நீ சொல்லு. உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு."

"உன் பொண்டாட்டிய இந்தப் பெட்டியில பாத்தியா?"

"இல்ல."

"ஏன்? அவளுக்கு நெஞ்சு இல்லையா? எங்க வீட்டுப் புள்ளைங்கதான் இளிச்சவாயா?"

"செத்துட்டா."

"எதுல?"

"வால்வுல. உங்க பொண்ணுக்கு இருக்குமோன்னு தேடறது எதுவோ, அதுல."

சூளைக்காரர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "கேட்டீங்களாடா? சொந்த வீட்டுல அடுப்பு அணைஞ்சதுகூடத் தெரியல. துரை ஊரு ஊராப் பாத்து விசாரிக்க வந்துட்டாரு. துப்புக் கெட்டவனே, பெட்டிய எடுத்துக்கிட்டு நட."

அவன் அசையவில்லை. வலிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தான். வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சரியாச் சொன்னீங்க, அண்ணே." நர்ஸ் ஊசிப் பெட்டியைக் கல் அடுக்கின்மேல் வைத்தாள். "செத்தவ என் தங்கச்சி. அவளைத் தூக்கி வளத்தது நான். மெஷினை வீட்டுல வெச்சுக்கிட்டு இந்த ஆளு பாக்கல. இவரை நான் மன்னிக்கல. சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். இவர் கூடப் பேசறதே வேலைக்குத்தான்."

அவன் காலடி மண்ணைப் பார்த்தான்.

"ஆனா இவருக்குத் தெரியாது. தெரியாமக் கெடுத்தாரு. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதானே ஒளிச்சு வெச்சுட்டு வேற புள்ளைய அனுப்புனீங்க? இவரையே மன்னிக்காதவ, நாளைக்கு உங்க பொண்ணுக்கு ஒண்ணுன்னா உங்களை என்ன சொல்லித் திட்டுவேன்னு நினைக்கிறீங்க? அப்பன்னா சொல்லுவேன்?"

சும்மாட்டுக்காரர்கள் கல்லைப் போல நின்றார்கள். சூளைக்காரரின் கை கரி அள்ளும் அகப்பையை இறுக்கியது. அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் கண்ணை எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் மூன்றாவது கதவில் தாய்க்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். பதினொரு வயது. உச்சி வகிடெடுத்து வாரிய தலை. யாரையும் பார்க்காமல் நேராக வந்து, அவன் தோளில் இருந்த மெஷினைப் பார்த்து, "எங்க படுக்கணும்?" என்றாள்.

"பாப்பா" என்றார் சூளைக்காரர்.

"எல்லார் முன்னாடியும் ஓட்டை ஓட்டைன்னு கத்தியாச்சு. இனிமே என்ன, பாத்துத் தொலைக்கட்டும்."

தாய் உள்ளே போய், படுத்திருந்த சின்னவர்களை எழுப்பி வெளியே துரத்திவிட்டுப் பாயை உதறிப் போட்டாள். அறைக்குள் நாலு பேர் நிற்கும்போதே சுவர் தோளில் இடித்தது. ஜன்னல் மட்டத்துக்கு மடித்த படுக்கைகள். அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். "இடது பக்கமா ஒருக்களி" என்றான். ஜெல்லைப் போடும் முன் அவளைப் பார்த்துச் சொன்னான். "ஜில்லுனு இருக்கும்."

"சீக்கிரம் பண்ணுங்க."

வால்வின் ஓரம் தடித்திருந்தது. ஒரு இதழ் முழுதாக மூடவில்லை. நிறத்தைப் போட்டான். மூடிய கதவின் சந்தில் நீலமும் மஞ்சளுமாக ஒரு பீச்சல், ஒவ்வொரு துடிப்புக்கும். பெரிய கசிவு இல்லை. ஆனால் கசிவு. அளந்தான். மறுபடி அளந்தான். படங்களைப் போனில் ஆஸ்பத்திரி டாக்டருக்கு அனுப்பினான். சூளைக்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் போனது. போன் அடித்தது. நர்ஸ்தான் எடுத்துப் பேசினாள். ஆமாம் டாக்டர், மூட்டு வீக்கம் இருந்திருக்கு. சரி டாக்டர். டெஸ்ட் போட்டுட்டு ஆரம்பிச்சிடறேன்.

"போன வருஷம் இல்ல" என்றான் அவன், வாசலைப் பார்த்து. "அவங்க சொன்னது தப்பு. இப்ப இருக்கு. கொஞ்சம்தான். மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. பல வருஷம். நடுவுல விடக் கூடாது. விடலேன்னா இதோட நிக்கும். தானா ஆறவும் வாய்ப்பிருக்கு."

சூளைக்காரர் வாசற்படியில் உட்கார்ந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"ஊசி போட்டுக்க. கையெழுத்துப் போடறேன். ஆனா கார்டு பச்சையில குடு. ஓட்டை இல்லேன்னு எழுது. ஊருக்கு அது. உங்க நோட்டுல என்ன வேணா எழுதிக்க."

நர்ஸ் அவனைப் பார்த்தாள். ஒரு துண்டுத் தாள். அதைக் கொடுத்தால் ஊசி. கொடுக்காவிட்டால் இந்த வாசல் அடைபட்டுவிடும். பெற்றவர் கையெழுத்து இல்லாமல் ஒரு சொட்டு மருந்து ஏற்ற முடியாது. பச்சைக் கார்டுகள் பையில் கட்டுக்கட்டாக இருந்தன. பேனாவும் இருந்தது.

"முடியாது" என்றான்.

"ஏன்?"

"என் மனைவிகிட்ட ஒண்ணு இருந்துச்சு." அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஸ்கூல்ல குடுத்தது. நெஞ்சு நல்லா இருக்குன்னு கையெழுத்து, சீல் எல்லாம். பார்க்காமலே போட்டுக் குடுத்திருக்காங்க. அவ மூச்சு வாங்குறப்ப எல்லாம் நான் அந்தத் தாளைத்தான் நம்பினேன். அவளும் நம்பினா. உங்க பொண்ணு பெரியவளாகி வேற ஊருக்குப் போயி, அங்க ஒரு டாக்டர் இந்தப் பச்சைக் கார்டைப் பாத்துட்டு, சரி போம்மான்னு அனுப்பிடுவாரு."

நர்ஸ் தலையைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் தாளைப் பற்றி அவளிடம் அவன் சொன்னதே இல்லை.

"அப்ப என்ன? மஞ்சக் கார்டைக் கையில புடிச்சுக்கிட்டு என் புள்ள ஊர்வலம் போகணுமா?"

"கார்டே வேண்டாம்."

"எல்லாப் புள்ளையும் பச்சையோட நிக்கும், இவ வெறுங்கையோட நிப்பா. அது போதாதா நாய்ங்களுக்கு?"

"யாருக்கும் வேண்டாம்." அவன் பையைத் திறந்து கார்டுக் கட்டை எடுத்து அவர் பக்கத்தில் படியில் வைத்தான். "எண்பத்தி நாலும் இதுல இருக்கு. ஒண்ணுகூட இன்னும் குடுக்கல. இது என்கூட ஆஸ்பத்திரிக்கு வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒட்டின கவர்ல தபால்ல போகும். பலகையில எதுவும் ஒட்ட மாட்டாங்க. பட்டியலும் தர மாட்டேன்."

சூளைக்காரர் கார்டுக் கட்டை எடுத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். படிக்கத் தெரிந்தவர்தான். உதடு அசையப் பேர்களைப் படித்தார். ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளை, கடைக்காரர் பிள்ளை, ஹெச்.எம். பேத்தி. எல்லாம் இருந்தது.

"ஹெச்.எம். விட மாட்டான்."

"பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கற லட்சணம்தான் கேட்டோமே."

ஆனாலும் கையை நீட்டினார். நர்ஸ் படிவத்தைக் கொடுத்தாள். முழங்காலில் வைத்துப் போட்ட கையெழுத்து தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

முன்கையில் டெஸ்ட் ஊசி. இருபது நிமிடம். தோல் தடிக்கவில்லை. பிறகு பெரிய ஊசி. மருந்து கெட்டியானது, மெதுவாகத்தான் இறங்கும். வாசலை மூடிக்கொண்டு நர்ஸும் தாயும் பிடித்தார்கள். பெண் அழவில்லை. நர்ஸை, நர்ஸின் குடும்பத்தை, எக்கோக்காரனை, மெஷினைக் கண்டுபிடித்தவனை வரிசையாகத் திட்டினாள். "இன்னும் திட்டு, அது வரைக்கும் நல்லது" என்றாள் நர்ஸ்.

அரை மணி நேரம் கூட இருந்து பார்க்க வேண்டும். கல் அடுக்கின் நிழலில் பெண்ணை உட்கார வைத்தார்கள். அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். நர்ஸ் கடிகாரத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஹெச்.எம். சைக்கிளில் வந்து இறங்கினார். வியர்த்திருந்தது.

"நாலு மணின்னு சொன்னேன். மணி நாலே முக்கால். பட்டியல் எங்க? எல்லாப் பசங்களையும் மைதானத்துல நிக்க வெச்சிருக்கேன்."

"பட்டியல் இல்ல சார். பசங்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க" என்றான் எக்கோக்காரன்.

"இல்லைன்னா? ஒட்டணும், போட்டோ எடுக்கணும், மேலிடத்துக்கு அனுப்பணும். அதுதான் முறை."

"போன வருஷம் அந்த முறையிலதான் ஒட்டினீங்க."

ஹெச்.எம். சுற்றிலும் பார்த்தார். நிழலில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். ஊசிப் பெட்டியைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஓ, அப்ப இந்தப் புள்ளைக்கு—"

"இந்தப் புள்ளைக்கு என்ன?" சூளைக்காரர் ஏணியின் முதல் படியில் கால் வைத்தவர் அப்படியே திரும்பினார். உயர்ந்த குரல் இல்லை. "சொல்லுங்க சார். முழுசாச் சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

ஹெச்.எம். முழுதாகச் சொல்லவில்லை.

"இது எல்லாருக்கும் போடற தடுப்பூசி மாதிரித்தான் சார்" என்றாள் நர்ஸ். "உங்களுக்கும் ஒண்ணு போடவா?"

சும்மாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஹெச்.எம்.முக்குக் காது சிவந்துவிட்டது. எக்கோக்காரனை விரலால் சுட்டினார். "உன் பேர்ல எழுதறேன். முகாமுக்கு வந்துட்டுப் பதிவு தராமப் போறான்னு. இந்த மாவட்டத்துல எந்த ஸ்கூல் வாசலையும் நீ மிதிக்க முடியாது."

"எழுதுங்க."

"வேலை போயிடும்டா."

"ஒட்டறதுக்காகக் கேட்டாருன்னு நானும் எழுதுவேன்."

சைக்கிள் ஸ்டாண்டை உதைத்தபோது அது காலில் பட்டு ஹெச்.எம். நொண்டிக்கொண்டே ஏறினார். யாரும் வழிவிடவில்லை. கல் அடுக்குகளைச் சுற்றி வளைந்து போனார்.

"எழுதினா நிஜமாவே உங்களை எடுத்துடுவாங்க" என்றாள் நர்ஸ். அவனைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"தெரியும்."

"தெரிஞ்சு செய்யறது இதுதான் முதல் தடவை."

அவன் மெஷினின் ஒயரைச் சுற்றினான். பாதியில் சிக்கிக்கொண்டது. பிரித்து மறுபடி சுற்றினான். சுற்றி முடிக்க மூன்று முறை வேண்டியிருந்தது.

நிழலில் பெண் மெதுவாக எழுந்து நின்றாள். மூச்சு சீராக இருந்தது. உதட்டில் வீக்கம் இல்லை. நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டாள்.

சூளைத் தலையிலிருந்து குரல் வந்தது. "ஆச்சா?"

"அரை மணி ஆச்சு. நல்லா இருக்கா. அடுத்த ஊசி இருபத்தோராம் நாள். பன்னிரண்டு கிலோமீட்டர்ல சுகாதார நிலையம், அங்க கூட்டிட்டு வரணும், அண்ணே."

"அங்க போனா ஊரே பாக்கும். நீ இங்க வா."

"அதுக்கு விதி—"

"பட்டியல் குடுக்கக் கூடாதுன்னு விதி இருந்துச்சா?"

நர்ஸ் ஊசிப் பெட்டியை மூடினாள். "ஸ்கூட்டர்ல வர்றேன்" என்றாள்.

சூளைக்காரர் ஒரு கையில் அகப்பையோடு மறு கை விரலில் நாள் எண்ணினார். எண்ணிக்கை நடுவில் குழம்பி, மறுபடி கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தார். மூன்று வாரம் என்றால் அதே கிழமைதானே என்று கீழே இருந்து யாரோ சொன்னதற்கு, உன்னைக் கேட்டேனா என்றார்.

"அன்னிக்கு சூளை பிரிக்கிற நாளு" என்று மேலிருந்து கத்தினார். "காலையில ஏழு மணிக்குள்ள வந்துடணும். லேட்டா வந்தா ஊசிய உனக்கே போட்டு அனுப்பிடுவேன்."

அப்புறம் அவர் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. புகையைப் பார்க்கப் போய்விட்டார்.